பின்னூட்டத்தை நம்பிப் போன கிடை

கோவில்பட்டியில் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்களில் முதன்முதலாக வலைப்பதிவு எழுதியவன் நான்தான். இதை இன்றுவரை யாரும் மறுத்ததில்லை. போட்டிக்கு வேறு ஆள் இல்லாததால்தான் யாரும் மறுக்கவில்லை என்பாள் என் மனைவி. போட்டி இல்லாத இடமாகப் பார்த்துக் கடை போடுவதற்குப் பெயர்தான் வியாபாரம். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவளுக்கு அது பிடிபடவில்லை.

செம்மறி ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். புதியம்புத்தூரில் தைக்கிற கவுனையும் டவுசரையும் மூட்டையாக வாங்கி, சைக்கிளில் கட்டி, எட்டயபுரத்திலிருந்து எப்போதும்வென்றான் வரைக்கும் ஊர் ஊராகக் கூவி விற்றேன். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தக் கடை போட்டேன். இதில் ஒருவருடைய கைத்தாங்கலும் கிடையாது. சைக்கிள்கூட இரவல் இல்லை.

இரண்டாயிரத்துக்கு ஏழெட்டு வருஷம் கழித்து, கடையில் பில் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் மகள் லீவுக்கு வந்தவள் அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“அப்பா, துணி எடுக்க வாரவியள எல்லாம் உக்கார வச்சு உங்க பெருமையை அளக்குதீங்க. பாவம், அவிய பாதியில எந்திரிச்சுப் போகவும் முடியாம முழிக்காவ. அதை எல்லாம் இதுல அளந்துருங்க. பிடிக்காதவன் மூடிட்டுப் போயிருவான். உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் பாவம் இல்ல.”

அவளே ஒரு வலைப்பதிவைத் திறந்து கொடுத்தாள். ‘நானும் என் யோசனையும்’ என்று பெயர் வைத்தேன். எனக்கு அப்போது ஆங்கில எழுத்துகூட ஒழுங்காகத் தெரியாது. ஆனால் தமிழ் அடிக்க ஆங்கில எழுத்தைத்தான் தட்ட வேண்டியிருந்தது. ஆக, ஊரெல்லாம் ஆங்கிலம் படித்துத் தமிழை மறந்துகொண்டிருந்த காலத்தில், தமிழ் எழுதப் போய் ஆங்கில எழுத்தைக் கற்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடையில் தட்டு பிரிப்பது மாதிரி வலைப்பதிவையும் மூன்றாகப் பிரித்தேன்: வீடு, பயணம், தொழில் யோசனை. பயணத்தில் சரக்கு குறைவு. வியாபாரிகள் சேர்ந்து ஐந்து நாள் சிங்கப்பூர் போய் வந்தோம். அந்த ஐந்து நாளைப் பதினோரு பதிவாக இழுத்தேன். நகரும் படிக்கட்டில் ஏறப் பயந்து, பெட்டியை மட்டும் மேலே அனுப்பிவிட்டு எங்கள் ஆள் ஒருவர் கீழே நின்ற கதைக்கு நல்ல வரவேற்பு. அந்த ஒருவர் யார் என்று பலபேர் கேட்டார்கள். நான் பதில் எழுதவில்லை.

தொழில் யோசனைக்குத்தான் பஞ்சமே கிடையாது. பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு வாடகைக்குக் கார் கொடுக்கிறார்களே, கூடவே சபையில் பேசத் தெரிந்த ஒரு பெரியப்பாவையும் வாடகைக்கு அனுப்பினால் என்ன என்று எழுதினேன். மழை பெய்த கரிசல் மண்ணைப் பாக்கெட் போட்டு வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு விற்கலாம் என்றும் எழுதினேன். ‘எனக்கு ரெண்டு பாக்கெட்’ என்று குவைத்திலிருந்து ஒருவர் நிஜமாகவே பின்னூட்டம் போட்டார். எனக்கு வாசகர்கள் முக்கால்வாசிப் பேர் அந்த மாதிரி ஆட்கள்தான். பிறந்தது இந்தக் காட்டில், பிழைப்பது சென்னை, பெங்களூர், துபாய் என்று எங்கோ. நான் எதை எழுதினாலும் ‘அருமை அண்ணாச்சி’ என்பார்கள். பழகப் பழக எனக்கு அது காலைக் காப்பி மாதிரி ஆகிவிட்டது.

வீட்டு விஷயம்தான் வம்பில் விட்டது. என் மனைவி ஒரு தடவை கோழியைப் பைக்குள் ஒளித்துவைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். கண்டக்டர் கண்டுபிடித்து லக்கேஜ் டிக்கெட் கேட்டார். “கோழி என்ன சீட்டுலயா உக்காந்திருக்கு?” என்று இவள் சண்டைக்குப் போனாள். அதை ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதினேன். சரி, நாலு வார்த்தை கூட்டியிருப்பேன். ஒரு வாரம் கழித்து பெங்களூரிலிருந்து அவளுடைய சித்தி மகள் போன் பண்ணி, “அக்கா, கோழிக்குக் கடைசியில டிக்கெட் எடுத்தியா, இல்லையா?” என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு ரசம் மட்டும்தான் கிடைத்தது.

“ஊரு சிரிக்க என்னைய எழுதுதீங்க. உலகத்துக்கெல்லாம் யோசனை சொல்லுதீங்க. எந்தம்பி ஆட்டை வச்சுக்கிட்டு அல்லாடுதானே, அவனுக்கு ஒரு யோசனை சொல்லத் துப்பு இருக்கா?” என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. என் மச்சினனிடம் இருநூற்றைம்பது செம்மறி. அறுப்பு முடிந்து கரிசல் காடு வெறும் தரையாகக் கிடக்கிற கோடையில், ராத்திரிக்கு ஆடுகளைக் காட்டில் அடைத்து வைப்பார்கள். அதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கினால் ஐப்பசி மழைக்கு விதைக்கிற பருத்தி மூன்று வருஷத்துக்குச் சொன்ன பேச்சு கேட்கும். காட்டுக்காரர் கூலி கொடுப்பார். ஆட்டுக்காரனுக்கு வருஷ வருமானத்தில் பாதி இந்த இரண்டு மூன்று மாதத்தில்தான். மச்சினனுக்கு வழக்கமாகக் கிடை போடுகிற இரண்டு பெரிய காடுகள் இருந்தன. ஒன்றில் அந்த வருஷம் காற்றாலை நட்டுவிட்டார்கள். இன்னொன்றில் வெள்ளைக் கல் ஊன்றி பிளாட் போட்டுவிட்டார்கள்.

மறுநாளே எழுதினேன். ‘இணையத்தில் ஆட்டுக்கிடை’ என்று தலைப்பு. கிடையின் அருமையை விளக்கி, ‘உங்கள் ஊர்க் காட்டுக்குக் கிடை வேண்டுமானால் பின்னூட்டத்தில் ஊரும் அடையாளமும் சொல்லுங்கள், ஆடு தானாக வரும்’ என்று முடித்தேன். அதுவரை நான் எழுதிய எதற்கும் அவ்வளவு பின்னூட்டம் வந்ததில்லை. ‘அண்ணாச்சி, எங்கள் காட்டுக்கும் அனுப்புங்க.’ ‘எப்போதும்வென்றான் பக்கம் எங்க அய்யா காடு இருக்கு, கட்டாயம் போங்க.’ ‘கண்ணுல தண்ணி வந்துட்டு அண்ணாச்சி, எங்க ஊருக்கும் வாங்க.’ கழித்துக் கட்டி, ஒன்பது காடு தேறியது. ஒன்பதையும் சட்டைப் பெட்டி அட்டையில் வரிசையாக எழுதி, ஊருக்கு ஊர் அம்புக்குறி போட்டு, மச்சினன் கையில் கொடுத்தேன்.

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அத்தான், இதுல யாரு வெத்தல வச்சது?”

எங்கள் பக்கத்துக் கிடையில் எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. காட்டுக்காரர் ஆடு நிற்கிற இடத்துக்குத் தானே வருவார். வெற்றிலை பாக்கை ஆட்டுக்காரன் கையில் வைத்து, இத்தனை ராத்திரி என்பார். வைத்தால் வைத்ததுதான். அதற்குப் பிறகு எவன் எவ்வளவு கூலி கூட்டித் தருகிறேன் என்றாலும் ஆடு அசையக்கூடாது. காட்டுக்காரரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

“துபாயில இருந்து வெத்தலையை எப்படிலே வைப்பான்? பின்னூட்டம் போட்டிருக்கான்லா, அதுதான் வெத்தல” என்றேன்.

“சுண்ணாம்பு?”

“ஏலே, நக்கல் பண்ணாத.”

அதே வாரம் எட்டயபுரம் பக்கமிருந்து காடு வைத்திருக்கிற ஒரு சம்சாரி, நிஜ வெற்றிலையோடு, பத்து ராத்திரிக்குக் கிடை கேட்டு வந்தார். மச்சினன் எனக்குப் போன் போட்டான். “ஒம்பது காடு காத்துக்கிட்டு இருக்கு, பத்து ராத்திரிக்குப் பல்லைக் காட்டாத, அனுப்பு அவரை” என்றேன். அனுப்பிவிட்டான். நீட்டின வெற்றிலையை வாங்காமல் விடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் வேறொரு மந்தைக்காரனைப் பிடித்துவிட்டார்.

கிடை கிளம்பிய அன்றைக்கு, கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, டிஜிட்டல் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பைக்கில் நானும் கூடவே போனேன். வரலாறு நடக்கும்போது படம் எடுக்க ஆள் வேண்டுமே.

முதல் காடு எப்போதும்வென்றான் பக்கம். அட்டையில் எழுதியபடி வேப்பமரம், உடைந்த கிணறு எல்லாம் சரியாக இருந்தது. ஆட்டை உள்ளே இறக்கப் போகும்போது, வரப்பில் ஒரு பெரியவர் கம்போடு வந்து நின்றார். எழுபத்தைந்து வயது இருக்கும். வயதுக்கு மேல் குரல் இருந்தது.

“எவம்லே அது, எங்காட்டுக்குள்ள?”

“கிடைக்கு வந்திருக்கோம் அண்ணாச்சி” என்றேன்.

“எவன் வெத்தல வச்சான்?”

“உங்க மகன். துபாயில இருந்து எழுதியிருக்காவ.”

“யாருக்கு எழுதுனான்?”

“எனக்கு.”

அவர் கம்பைத் தரையில் ஊன்றினார். “பெத்தவனுக்கு நாலு வரி எழுத நேரமில்ல. நீரு யாருன்னே தெரியல, உமக்கு எழுதுதானோ? காடு எம்பேருல இருக்கு. புழுக்கை வேணுமா வேண்டாமான்னு நான் சொல்லணும். மறிச்சு ஓட்டுங்கவே ஆட்டை!”

“பரவால்ல, இன்னும் எட்டு இருக்கு” என்று மச்சினனிடம் கெத்தாகச் சொல்லிவிட்டு, ஆட்டைக் கண்மாய்க் கரையில் மேய விட்டு, நான் பைக்கில் முன்னால் போனேன். இரண்டாவது காட்டில் பிளாட் கல். பின்னூட்டம் போட்டவருடைய தகப்பனார் அதை விற்று நாலு வருஷம் ஆகிறதாம், மகனுக்குச் சொல்லவில்லையாம். மூன்றாவதுக்கு டீக்கடையில் வழி கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். “அவனுக்கு ஏது அண்ணாச்சி காடு? அவிய அப்பா போஸ்ட்மேன்லா. இருக்கிறது ஒரு முருங்கை மரம்தான். அதுல இருநூத்தம்பது ஆட்டைக் கட்டுவீங்களா?”

நாலாவதுக்கு நான் போகவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணில் தண்ணி வந்துவிட்டது என்று எழுதியவனுக்கு வந்தது தண்ணி மட்டும்தான். ‘எங்க ஊருக்கு வாங்க’ என்றால் வீட்டுக்கு வந்தவரை ‘சாப்பிட்டுப் போங்க’ என்பது மாதிரி. உலை வைத்திருக்கிறானா என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மச்சினன் கரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அட்டை அவன் பக்கத்தில் கிடந்தது. ஒரு ஆடு அதன் முனையைக் கடித்துக்கொண்டிருந்தது. அவன் விரட்டவில்லை.

“வெத்தலையோட வந்தவரை அனுப்பிட்டேன் அத்தான்” என்றான். ஏசியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். “இருட்டுறதுக்குள்ள ஆட்டை எங்கன அடைக்க? நானே போய் ஒருத்தர் காட்டுல இடம் கேட்டுருவேன், அது பெருசில்ல. ஆனா கிடைக்காரன் இடத்துக்குக் கையேந்துனான்னு ஒரு தடவை பேராயிட்டா, அப்புறம் ஒருத்தனும் எனக்கு வெத்தல வைக்க மாட்டான். சும்மா அடைச்சிட்டுப் போன்னு சொல்லுவான். இந்த வருஷம் மட்டுமில்ல, எப்பவும்.”

அந்த நேரம் பார்த்து என் மனைவி போன். “கிடை அமந்துட்டா?”

“அமந்துக்கிட்டே இருக்கு” என்றேன்.

“உங்க குரல் ஒரு மாதிரி இருக்கே?”

“காத்து.”

போனை வைத்துவிட்டு யோசித்தேன். யோசனை எழுதுவது வேறு, யோசிப்பது வேறு. எழுதும்போது தப்பினால் அழித்துவிட்டு மறுபடி அடிக்கலாம். இங்கே இருநூற்றைம்பது ஆடு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மச்சினன் இடம் கேட்கக்கூடாது. காட்டுக்காரர் வெற்றிலை வைக்க வேண்டும். காட்டுக்காரர் வைக்க மாட்டார். அப்படியானால் காட்டுக்காரரை மாற்ற வேண்டியதுதான்!

பெட்டிக்கடையில் இரண்டு கவுளி வெற்றிலையும் பாக்கும் வாங்கிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“மறுபடியுமா? நீரு கோவில்பட்டித் துணிக்கடைக்காரராமே. உம்ம கடையில எம்பேத்திக்கு வாங்குன கவுனு ரெண்டே துவைப்புல சாயம் போச்சுவே.”

“சாயம் போகலைன்னா அடுத்த கவுனு எப்படி அண்ணாச்சி விக்கும்?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் உட்காரச் சொன்னார். அது போதும்.

“உங்க காட்டை எனக்குக் குத்தகைக்குத் தாங்க.”

“எத்தனை வருஷத்துக்கு?”

“ஒரு ராத்திரிக்கு.”

“ஒரு ராத்திரியில என்னவே விளையும்?”

“புழுக்கை விளையும்.”

“வெள்ளாமை யாருக்கு?”

“உங்களுக்கு. கிடைக் கூலி எம்பொறுப்பு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உமக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா? இல்ல, எம்மவன்தான் பின்னால இருந்து ஆட்டுதானா?”

“உங்க மகனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவர் சொன்னதை நீங்க கேக்க வேண்டாம். நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க.”

இதுதான் வேலை செய்தது. மகன் சொல்லி நடந்ததாக ஆகிவிடக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. நான் நீட்டிய ஒரு கவுளி வெற்றிலையை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு, ஒரு நிபந்தனை போட்டார். “குத்தகைக்காரன் காட்டுலதான் படுக்கணும். வீட்டுக்குப் போயி மெத்தையில படுத்தா குத்தகை ரத்து.”

பெரியவரைக் கூடவே கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். மச்சினனைக் கூப்பிட்டு, அவர் பார்க்க, மீதி வெற்றிலையை அவன் கையில் வைத்தேன். “நான் இந்தக் காட்டுக்காரன். ஒரு ராத்திரிக்குக் கிடை வேணும்.”

அவன் என்னையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயம் புரிந்ததும் வாய் கோணியது. “கூலி பேசலையே காட்டுக்காரரே? துணிக்கடைக்காரவியளுக்கு நான் கடன் சொல்லுறதில்ல.”

“ஏலே!”

“பேசிருங்க. வெத்தலைன்னா ஒழுங்கா வைக்கணும்லா.”

எனக்குத் தெரிந்த கூலியைவிட அவன் கூடக் கேட்டான். பெரியவர் முன்னால் பேரம் பேசவா முடியும்? அன்றைக்கு என் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக என் மச்சினன் என்னிடம் சம்பாதித்தான். ராத்திரி வெடிப்பு விட்ட கரிசல் தரையில் துண்டை விரித்துப் படுத்தேன். சிங்கப்பூர் ஹோட்டலைப் பற்றி ஒரு முழுப் பதிவு எழுதியவன், இந்தப் படுக்கையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. இப்போதும் எழுதுவதாக இல்லை.

விடிந்து முகம் கழுவுவதற்குள் பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேர் வெற்றிலையோடு வந்து நின்றார்கள். ஒருவன் காட்டில் ஆடு அமர்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், எங்கள் சம்சாரிகளுக்குத் தங்கள் காடு திடீரென்று பட்டினி கிடப்பதாகத் தெரியும். “எனக்கு ஆறு ராத்திரி.” “எனக்கு எட்டு.” சத்தம் கேட்டுப் பெரியவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“எங்காட்டுல நிக்கிற ஆட்டை எப்படிலே நீங்க கூப்பிடுவீங்க? முதல்ல எனக்கு அஞ்சு ராத்திரி! அப்புறம் எங்கனயும் போகட்டும்.” அவர் கையிலிருந்தது நேற்று நான் கொடுத்த வெற்றிலை. அதையே மச்சினன் கையில் வைத்தார்.

அந்தக் கோடை முழுக்க அவனுடைய ஆடு ஒருநாள்கூடச் சும்மா படுக்கவில்லை. எப்போதும்வென்றானில் தொடங்கி, பார்த்தவர் கூப்பிட, கூப்பிட்டவர் பக்கத்துக்காரர் கூப்பிட, காடு காடாகப் போய்க்கொண்டே இருந்தது.

நான் விடுவேனா? ‘இணையம் அமர்த்திய கிடை’ என்று ஒரு பதிவு போட்டேன். குத்தகை விஷயத்தை மட்டும் இடமின்மையால் விட்டுவிட்டேன். துபாய்க்காரர் பின்னூட்டம் போட்டார்: ‘அண்ணாச்சி, அய்யா நேத்து போன் பண்ணி ஏசினாவ. முக்கால் மணி நேரம் விடாம ஏசினாவ. இதுக்கு முன்னால ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசினதில்ல. ரொம்ப நன்றி.’ போஸ்ட்மேன் மகனும் எழுதியிருந்தார்: ‘அருமை அண்ணாச்சி, அடுத்த வருஷம் எங்கள் காட்டுக்கும் வாங்க.’

அடுத்த வருஷமும் வந்தது. கிடைப் படம் கேட்டு வாசகர்கள் நச்சரித்தார்கள். மச்சினனுக்குப் போன் போட்டு, “எங்கனலே கிடை கிடக்கு?” என்றேன்.

“டவர் இல்ல அத்தான்” என்று கணீரென்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மூன்று நாள் பைக்கில் தேடினேன், அகப்படவில்லை. கடைசியில் மனைவியிடம் போனேன். தினமும் தம்பிக்குச் சோறு கட்டி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறவள் அவள்தான்.

“உனக்குத் தெரியாம இருக்காது. எந்த ஊரு?”

அவள் தூக்குவாளியை இறுக்கி மூடினாள்.

“சொல்ல மாட்டேன். முப்பது ராத்திரிக்கு வெத்தல வாங்கியிருக்கான். சொன்னா எழுதிருவீங்க.”